மேற்கே தெருவும் சாமி நிலையும்

வக்கீல்கள் சங்கத்து ஆண்டு மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: 'சொத்து வாங்குமுன் சரிபார்க்க வேண்டியவை'. பத்திரம் பார்ப்பதைத் தவிர வேறெதுவும் தெரியாத ஒரு மனிதன் ஓய்வுபெற்று வீட்டில் சும்மா இருக்கிறானே என்ற இரக்கத்தில் கேட்டிருப்பார்கள். இப்போது வில்லங்கச் சான்று கைபேசியிலேயே வந்துவிடுகிறது. பட்டா வருகிறது, புல வரைபடம் வருகிறது. நான் கால் கடுக்க வரிசையில் நின்று வாங்கியதையெல்லாம் இவர்கள் டீ ஆறுவதற்குள் எடுத்துவிடுகிறார்கள். ஆகவே நான் புதிதாகச் சொல்ல மிச்சமிருப்பது, நான் கோட்டைவிட்ட கதை ஒன்றுதான்.

காஞ்சிபுரம் கோர்ட்டில் எனக்கு 'நில் சார்' என்று பெயர். ஒரு சொத்தின் மேல் அடமானம், ஜப்தி என்று எந்தப் பதிவும் இல்லாவிட்டால் அதன் வில்லங்கச் சான்றை ஆங்கிலத்தில் 'நில் ஈசி' என்பார்கள், ஒன்றுமே இல்லை என்று அர்த்தம். பத்திரம் பார்த்து நான் எழுதித் தரும் கருத்துரைகள் பெரும்பாலும் அப்படி முடியும் என்பதால் வந்த பட்டம் என்று வெகுகாலம் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். அது கோர்ட்டில் என் வாதத் திறமையைக் குறிப்பது என்று பின்னால்தான் தெரிந்தது.

வாதத் திறமை என்றால் இவ்வளவுதான். முதல்முதலாக எழுந்து நின்ற அன்று நீதிபதி என் பெயரைக் கேட்டார். நான் கட்சிக்காரர் பெயரைச் சொன்னேன். கட்சிக்காரர் பெயர் என்ன என்று கேட்டார். என் பெயரைச் சொன்னேன். எதிர்த்தரப்பு வக்கீல் எந்த ஆட்சேபணையும் தெரிவிக்கவில்லை. தானாக விழும் மரத்தை வெட்டுவானேன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

அன்று மாலையே என் சீனியர் வேதவல்லி மேடம் எனக்கு வேலையை மாற்றிவிட்டார். சின்ன காஞ்சிபுரத்து வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் ஆண்களெல்லாம் பிரபந்தம் சொல்ல, இவர் சிவில் சட்டம் சொல்ல வந்தவர்.

"உனக்கு நாக்கு வராது. கண்ணாவது இருக்கோ?" என்று கேட்டார்.

இருக்கிறது என்றேன்.

"அப்போ பத்திரம் பாரு."

மேடம் பத்திரத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார். முதலில் சாட்சிகள் யார் என்று பார்ப்பார். "விக்கறவன் ஊரை விட்டுப் போயிடுவான். சாட்சி போட்டவன் இங்கேயேதான் இருப்பான்" என்பார். அதற்கப்புறம் செக்குபந்தி. சொத்தின் நான்கு பக்கமும் என்னென்ன இருக்கிறது என்று சொல்லும் வரிகளுக்கு எங்கள் பக்கத்துப் பத்திரங்களில் அந்தப் பெயர்தான். நவாப் காலத்துச் சொல். யார், யாருக்கு, எவ்வளவுக்கு என்பதையெல்லாம் கடைசியாகத்தான் பார்ப்பார். நடுவில் புரியாத வார்த்தை ஒன்று வந்தால் விரலை அங்கேயே வைத்துக்கொண்டு "இது என்ன?" என்று கேட்பார். பதில் வரும்வரை விரல் நகராது. "எழுதினவர் கைப்பிழையா இருக்கும் மேடம்" என்று நான் சொன்னால் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைப்பார். கண்ணாடி கழன்றால் வேலை முடிந்தது, திட்டு ஆரம்பம் என்று அர்த்தம்.

விற்பவரை அவர் விசாரிக்கும் விதமே தனி. ஓரிக்கையில் ஒரு மனை விலைக்கு வந்தது. விற்பவர் தான் ஒரே வாரிசு என்றார். வாரிசுச் சான்றும் அப்படித்தான் சொன்னது. பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்த நேரம். மேடம் அவருக்குக் காபி வரவழைத்துக் கொடுத்துவிட்டு, வெயிலைப் பற்றிப் பேசுகிற குரலில் கேட்டார்.

"பொங்கச் சீரெல்லாம் அனுப்பியாச்சா?"

"ஆச்சு மேடம். நேத்துதான் வாலாஜாபாத் போய்க் குடுத்துட்டு வந்தேன்."

"பேஷ். யாருக்கு?"

"தங்கச்சிக்கு..." என்று சொன்னவருக்கு அப்புறம் காபி இறங்கவில்லை.

அந்தத் தங்கை வந்து கையெழுத்துப் போட்ட பிறகுதான் மனை விற்றது. இந்த வித்தையைக் கற்றுக்கொண்டு நான் தனியாகத் தொழில் ஆரம்பித்தேன். வருகிறவர்களையெல்லாம் பொங்கல் சீர் கேட்டேன். ஒரு பாஸ்டரிடமும் கேட்டேன். "நாங்க கிறிஸ்துமஸ்தான் சார் கொண்டாடுவோம்" என்றார். 'சகோதரிகள் இல்லை' என்று எழுதப் போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய அக்கா இருமினார்.

இப்படியே காலம் ஓடி, வங்கிகள் எல்லாம் என்னிடம் பத்திரம் அனுப்பும் நிலைக்கு வந்துவிட்டேன். 'வில்லங்கம் ஏதும் இல்லை' என்று தனியாக ஒரு ரப்பர் ஸ்டாம்பே செய்து வைத்திருந்தேன். அந்தச் சமயத்தில்தான் தமிழரசி வந்தார்.

தமிழரசி ஒரு தனியார் மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவில் வேலை பார்ப்பவர். கணவர் மோகன் கல்லூரிப் பேருந்து ஓட்டுகிறார். இருவருக்கும் ஐயம்பேட்டைப் பக்கம். அவர்களுடைய அப்பாக்கள் காலம் வரைக்கும் பிறர் நிலத்தில் கூலி வேலைதான், சொந்தமாக ஒரு பிடி மண் கிடையாது. இவர்கள் தலையெடுத்து ஐயம்பேட்டையில் சின்னதாக ஒரு வீடு கட்டியிருந்தார்கள். அதை விற்று, மீதிக்கு வங்கிக் கடன் போட்டு, சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு சிறிய பெருமாள் கோயில் தெருவில் பழைய வீடு ஒன்றை வாங்கப் பார்த்தார்கள். அந்த வீடு கைநழுவினால் அவர்களுக்கு நிற்க வேறு இடமில்லை. விற்பவர் ராகவன் சென்னையில் வேலையில் இருந்தார். வீடு பல வருடமாகப் பூட்டியே கிடந்தது.

பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்தேன். மலர்க் குழுவினர் இந்தப் பத்தியைக் கவனிக்கவும், அவர்கள் கேட்ட கட்டுரை இதுதான். தாய்ப் பத்திரத்தின் அசலைக் கையில் வாங்கிப் பார்த்தேன், நகலை நம்பவில்லை. அசல் எங்காவது ஒரு வங்கிப் பெட்டியில் அடமானமாகத் தூங்கிக்கொண்டிருக்கலாம். வில்லங்கச் சான்றைத் தாத்தா காலம்வரை போட்டுப் பார்த்தேன். ராகவனின் அப்பாவுக்கு இறப்புச் சான்று, வாரிசுச் சான்று இரண்டும் பார்த்துவிட்டு, பொங்கல் சீர் கேட்டு பெங்களூரில் இருந்த ஓர் அக்காவைப் பிடித்து அவரையும் கையெழுத்துக்கு வரவழைத்தேன். பட்டாவில் இருந்த அளவும் தரையில் இருந்த அளவும் பொருந்தின. வீட்டு வரி, மின் இணைப்பு எல்லாம் சரியான பெயரில் இருந்தன. மைனர் பங்கு இல்லை, பவர் வாங்கிய ஆள் இல்லை, வழக்கு இல்லை.

செக்குபந்தியில்தான் ஒரு வார்த்தை இடறியது. வடக்கே ஒருவர் வீடு, தெற்கே ஒருவர் வீடு, கிழக்கே வாய்க்கால். 'மேற்கே தெருவும் சாமி நிலையும்' என்று இருந்தது.

நிலை என்றால் வாசக்கால் என்று எனக்குத் தெரியும். யாரோ ஒரு சாமியின் வாசக்கால் இந்த வீட்டுக்கு எப்படி எல்லையாகும்? ஆகவே அது 'சாமி நிலம்' என்று இருக்க வேண்டும், எழுதியவர் கைப்பிழை என்று முடிவு செய்தேன். கண்ணாடியைக் கழற்ற மேடம் பக்கத்தில் இல்லை. தடுக்கி விழுந்தால் கோயில் படியில் விழுகிற ஊரில் இருந்துகொண்டு இப்படியும் ஒருவன் நினைப்பானா என்று கேட்பீர்கள். குப்புசாமி, முனுசாமி, ராமசாமி என்று கட்சிக்காரர்களோடேயே குப்பை கொட்டியவன் நான். பத்திரத்தில் சாமி என்று பார்த்தால் எனக்கு மனிதர்தான் ஞாபகத்துக்கு வருவார்.

எனவே சாமியைத் தேடிப் புறப்பட்டேன். தெருவில் விசாரித்ததில், அந்தப் பக்கம் முன்னொரு காலத்தில் கோவிந்தசாமி என்பவர் குடும்பம் இருந்ததாகவும் இப்போது வாலாஜாபாத்தில் அரிசி ஆலை வைத்திருப்பதாகவும் தெரிந்தது. போய்ப் பிடித்துவிட்டேன். தங்கமான மனிதர்.

"எனக்கு அங்க ஒண்ணுமே இல்லியே சார்" என்றார்.

"அதையே எழுதிக் குடுங்க."

"இல்லாததுக்கு எதுக்கு சார் எழுதணும்?"

"இருக்கிறதுக்கு எல்லாரும் எழுதுவாங்க. இல்லாததுக்கும் எழுதி வாங்குறவன்தான் நல்ல வக்கீல்" என்றேன். அவர் அசந்துபோய், தனக்கு அந்த இடத்தில் எந்த உரிமையும் இல்லை, ஆட்சேபணையும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, முறுக்கும் மோரும் கொடுத்து அனுப்பினார். சாமியின் பிரச்சினை தீர்ந்துவிட்டதால் புதிய கிரயப் பத்திரத்தில் 'மேற்கே தெரு' என்று மட்டும் எழுத வைத்தேன். சுத்தமாக இருந்தது.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். வீட்டு வாசலை ஒட்டித் தெருவில் முழங்கால் உயரத்தில் வழவழவென்று ஒரு கல் இருந்தது. ராகவன் சாவி கொண்டுவரும்வரை நான் அதன்மேல்தான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்தேன். அப்புறம் என் கருத்துரையில், 'வாசலில் உள்ள கல் தெருவை ஆக்கிரமித்துள்ளது, அகற்றிவிடுவது நல்லது' என்றும் ஒரு வரி சேர்த்தேன். நல்லவேளையாக மோகனுக்கு அந்தக் கல் பிடித்திருந்தது. குடிவந்த பிறகு ஹெல்மெட்டையும் சாப்பாட்டுப் பையையும் அதன்மேல் வைத்துவிட்டு வண்டியைப் பூட்டுவது அவர் வழக்கமாகிவிட்டது.

நான் வீடு பார்க்கப் போன நாட்களில் அந்தத் தெருக் கோயிலைச் சுற்றிச் சாரம் கட்டியிருந்தது. திருப்பணி. அதனால் சில வருடங்களாக உற்சவம் நடக்கவில்லை. சாரத்தைப் பார்த்தேன், பார்த்ததோடு சரி. தமிழரசி குடிபோன சில மாதங்களில் குடமுழுக்கு முடிந்து உற்சவம் மறுபடி ஆரம்பித்தது. ஒருநாள் காலையில் நான் இட்லிக்குக் கை கழுவிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"சார், சீக்கிரம் வாங்க சார். சாமி வந்து நம்ம வாசல்ல நின்னுக்கினு இருக்குது."

"எந்த சாமி?"

"என்ன சார், எந்த சாமின்னு கேக்குறீங்க? சாமி சார்!"

"கோவிந்தசாமியா? அவர்தான் ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டாரேம்மா. அந்த லெட்டர எடுத்துக் காட்டுங்க."

மறுமுனையில் நாதஸ்வரம் கேட்டது.

ஸ்கூட்டரில் போய் இறங்கினேன். தெருவே கூடியிருந்தது. மோகனின் ஹெல்மெட்டை எடுத்துவிட்டு, அந்தக் கல்லைத் தண்ணீர் விட்டுக் கழுவி, அதன்மேல் பல்லக்கை இறக்கியிருந்தார்கள். நான் கால்மேல் கால் போட்ட இடத்தில் பெருமாள் மாலையோடு வீட்டைப் பார்த்தபடி வீற்றிருந்தார். சாமியை நிறுத்தும் இடத்துக்கு இந்தத் தெருவில் 'நிலை' என்றுதான் பெயராம். சுமந்து வந்தவர்கள் தோளில் துண்டால் விசிறிக்கொண்டு நின்றார்கள். வழக்கப்படி அந்த வீட்டார் சாமிக்குப் படையல் வைக்க வேண்டும். தமிழரசி டியூட்டிக்குப் போகும் உடையில் வாசற்படியில் திகைத்து நின்றார்.

"பெருமாள் ஒண்ணும் அமுது செய்யாம கெளம்பப்படாதும்மா. ஆத்துல பழம் கிழம் இருக்கா?" என்று கேட்டார் பல்லக்கோடு வந்த கோயில் பட்டர்.

"ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கினு போக வாழப்பழம் வாங்கி வெச்சேன் சாமி."

"தாராளமாப் போறும். கொண்டு வாங்கோ."

இதற்குள் பக்கத்து வீட்டு சந்தானம் முன்னால் வந்தார். பட்டு வியாபாரி, உற்சவக் குழுவில் முக்கியமானவர். "எதுக்கு சாமி இவங்களுக்குச் சிரமம்? எங்க வாசல்ல எல்லாம் ரெடியா இருக்குது. அங்க எறக்கிக்கலாம்" என்றார்.

"கல்லு இங்கேன்னா இருக்கு?" என்றார் பட்டர். பழத்தை நைவேத்தியம் செய்து, கற்பூரம் காட்டி, பல்லக்கைக் கிளப்பினார். அவர் ஒருவருக்குத்தான் அன்று அந்தத் தெருவில் சட்டம் தெரிந்திருந்தது.

மத்தியானம் சந்தானம் இன்னும் இரண்டு பேரோடு என் அலுவலகத்துக்கு வந்தார். தமிழரசியையும் மோகனையும் அழைத்திருந்தேன். சந்தானம் குரலை உயர்த்தவே இல்லை. அந்த வீடு பெருமாள் கட்டளைக்கு, அதாவது பூஜைச் செலவுக்கென்று எழுதி விட்ட சொத்து என்று பெரியவர்கள் சொல்வார்கள், கோயில் சொத்தை விற்றது செல்லாது என்று மனுப் போட்டால் பதிவு அலுவலகத்தில் அந்தச் சர்வே எண்ணையே முடக்கிவிடுவார்கள் என்றார். முடக்கினால் வங்கி கடனைத் திருப்பிக் கேட்கும்.

"அதெல்லாம் வேணாம்னுதான் வந்துக்கிறோம். சாமி எங்க வாசல்ல நிக்கட்டும். சாமிய நிறுத்துறதுல உங்களுக்குப் பாத்தியம் இல்லைன்னு ஒரு லெட்டர் குடுத்துடுங்கம்மா. மனுவும் இல்லை, ஒண்ணும் இல்லை. நீங்க பாட்டுக்கு நிம்மதியா இருங்க" என்றார் சந்தானம்.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. ஒரே கடிதத்தில் வீடும் தப்பியது, என் ரப்பர் ஸ்டாம்பும் தப்பியது. அவர்கள் போன உடனேயே கடிதத்தை எழுதி, அழகாக அச்செடுத்துத் தமிழரசி முன்னால் வைத்தேன். பேனா மூடியைக்கூடக் கழற்றிக் கொடுத்தேன். மோகன் வாங்கிக்கொண்டார். தமிழரசி வாங்கவில்லை.

"சார், ஒண்ணு கேக்கட்டா? ரூபா நோட்டு எதுனா கேட்டிருந்தா குடுத்துட்டுப் போயிருப்பேன். ஏன் சார் சாமிய மட்டும் கேக்குறாங்க?"

"வழக்கம்மா. அவங்க அந்தத் தெருக்காரங்க..."

"நானும் இப்ப அந்தத் தெருதானே?"

மேஜைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினேன்.

"எங்கப்பா இந்த உற்சவத்துக்கு வருசா வருசம் வருவாரு சார். ஐயம்பேட்டையில இருந்து நடந்தே வருவாரு. தெருவுக்குள்ள விடமாட்டாங்க அப்போ. முனையில நின்னுக்கினு இருப்பாரு. சாமி இந்தப் பக்கமா திரும்பித் தெருவுக்குள்ள போயிடும். அதோட முதுகுதான் எங்கப்பாவுக்குத் தெரியும். அலங்காரம் எப்பிடி இருந்துச்சுன்னு வூட்ல கேட்டா, பின்னாடி சடை நல்லா இருந்துச்சும்மான்னுவாரு. சிரிச்சிக்கினே சொல்லுவாரு சார். காலைல சாமி என்னப் பாத்துக்கினு நின்னப்ப எனக்கு அவரு நெனப்புதான். இதுல நான் கையெழுத்துப் போட்டா, நாளைக்கு ஊருக்குப் போயி அவரு மூஞ்சில எப்பிடி சார் முழிப்பேன்?"

மோகன் பேனாவை மூடி என் மேஜைமேல் வைத்துவிட்டார். வீடு போய்விட்டால் இவர்கள் எங்கே போவார்கள் என்று எனக்குப் பயமாக இருந்தது. ஒருநாள் அவகாசம் கேட்டேன். கட்சிக்காரர்தான் வக்கீலிடம் அவகாசம் கேட்பது வழக்கம்.

வேதவல்லி மேடம் தொழிலை விட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. நான் தேடிப் போனபோது வீட்டில் சாய்வு நாற்காலியில் இருந்தார். தாய்ப் பத்திரத்தையும், புதிய பத்திரத்தையும், கடிதத்தையும் கொடுத்துவிட்டு நடந்ததைச் சொன்னேன். கோவிந்தசாமி இடம் வந்ததும் கையைத் தூக்கி என்னை நிறுத்தினார்.

"இருடா. பெருமாள் நிக்கற எடத்துக்கு, அரிசி ஆலைக்காரன்கிட்ட ஆட்சேபணை இல்லைன்னு எழுதி வாங்கினியா?"

"ஆமாம் மேடம்."

"அவனும் குடுத்தானா?"

"முறுக்கும் குடுத்தார்."

மேடம் சிரித்துச் சிரித்து இருமல் வந்து, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தார். அதற்கப்புறம் கண்ணாடியைக் கழற்றினார்.

"புரியாத வார்த்தை வந்தா நிறுத்துன்னு உனக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன்? நிறுத்தாட்டாப் போறது. எடுத்து ஏண்டா எறிஞ்சே? அந்த ஒரு வார்த்தைதான்டா அந்தப் பொண்ணு வீட்டைக் காப்பாத்தறது."

எனக்குப் புரியவில்லை.

"எல்லைன்னா என்ன? நம்ம எடத்துக்கு வெளியில இருக்கறது. மேற்கே சாமி நிலைன்னா, பெருமாளோட எடம் அந்த வீட்டுக்கு வெளியிலன்னு அர்த்தம். வீடே அவரோடதா இருந்தா அவர் நிக்கற எடத்தை எல்லைன்னு யாராவது எழுதுவாளா? பெருமாள் அந்த வீட்டுக்குச் சொந்தக்காரர் இல்லைடா. பக்கத்தாத்துக்காரர்."

ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுக் கடிதத்தைக் கையில் எடுத்தார்.

"வீட்டு வாசல்ல நிக்கற பெருமாளுக்கு அமுது படைக்கறது வீட்டோட போற கடமை. வீட்டை வாங்கினவ அதையும் சேர்த்துத்தான் வாங்கியிருக்கா. அவ செய்யறவரைக்கும் ஒருத்தரும் கிட்ட வர முடியாது. இந்தக் கடிதாசில கையெழுத்துப் போட்டாளோ, கடமை என்னோடது, ஆனா செய்யமாட்டேன்னு அவளே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும். நாளைக்கு இதை வெச்சுண்டே கேஸ் போடுவா. இதை நீயா எழுதினே?"

"நானேதான் மேடம்."

"நன்னா அச்சடிச்சிருக்கே" என்று சொல்லி அதை நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜையின் காலுக்கு அடியில் வைத்தார். மேஜை நின்றுவிட்டது. என் சட்ட ஞானத்தால் உருப்படியாக நடந்தவற்றில் அதுவும் ஒன்று.

மேடம் சொன்னதையெல்லாம் தமிழரசியிடம் அப்படியே ஒப்பித்தேன். அப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. ராகவனையும் அக்காவையும் மறுபடி வரவழைத்தேன். "அப்பா இருந்தவரைக்கும் சக்கரைப் பொங்கல் பண்ணி வெப்பார் சார். கோயில்ல வேலை நடந்ததுல மறந்தே போச்சு" என்றார் ராகவன். நான் எதையெல்லாம் மறந்திருக்கிறேன் என்று அவரிடம் சொல்லாமல் விட்டேன். எடுத்து எறிந்த எல்லையைத் திரும்பச் சேர்க்கப் பிழைத்திருத்தல் பத்திரம் தயாரானது. எழுதி முடித்து வாசித்துக் காட்டியபோது தமிழரசி குறுக்கிட்டார்.

"சாமின்னு மட்டும் எழுதாதீங்க சார். கோயில் பெருமாள்னு தெளிவா எழுதுங்க. நாளைக்கு உங்கள மாதிரி யாராவது பத்திரம் பாக்க வந்தாங்கன்னா மறுபடியும் வாலாஜாபாத் போயிடுவாங்க."

பத்திர எழுத்தர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்படியே எழுத வைத்தேன். கோயில் அலுவலகத்துக்கும் எழுதிக் கேட்டோம். பதில் வரும்வரை தமிழரசிக்குச் சோறு இறங்கவில்லை, எனக்கும் இறங்கவில்லை. தபால்காரரைக் கண்டால் எழுந்து நிற்கும் பழக்கமே வந்துவிட்டது. அந்த வீடு கோயில் சொத்துப் பட்டியலில் இல்லை, உற்சவத்தில் அந்த வாசலில் சாமி நிற்பதும் வீட்டார் அமுது படைப்பதும் வழக்கம் என்று பதில் வந்தது. சந்தானத்திடம் பிரதியைக் கொடுத்தேன். நிதானமாகப் படித்தார். "சட்டம் அப்பிடின்னா சரி சார்" என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மனு எதுவும் போடவில்லை. அடுத்த உற்சவத்தன்று அவர் வாசல் கோலம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது, அவ்வளவுதான்.

அந்த உற்சவத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். கல்லுக்கு மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, வாசலில் பெரிய பாத்திரத்தில் சர்க்கரைப் பொங்கல் தயாராக இருந்தது. கூட்டத்தில் ஒருவர் தேங்காயோடு என்னை நோக்கி வந்தார். பார்த்தால் கோவிந்தசாமி.

"சார், பெருமாள் எடத்துக்கா என்னாண்ட கையெழுத்து வாங்கினீங்க? கேட்டதுல இருந்து மனசே சரியில்ல. இந்தத் தேங்காய ஒடச்சு அந்த லெட்டர கேன்சல் பண்ணிடுங்க சார்."

கேன்சல் ஆகிவிட்டது என்று சத்தியம் செய்தேன்.

மேளச் சத்தம் கேட்டது. தமிழரசி வாசலில், ஊரிலிருந்து வந்திருந்த அப்பா ஏழுமலையைத் தேடினார். காணவில்லை. தெருமுனையைப் பார்த்தவர் விடுவிடுவென்று நடந்தார். அங்கே, வெள்ளை வேட்டியும் புதுச் சட்டையுமாக, கையைக் கட்டிக்கொண்டு ஏழுமலை நின்றிருந்தார். மகள் வீட்டிலிருந்து கிளம்பி, யாரும் சொல்லாமலே, பழைய இடத்துக்குப் போய் நின்றுவிட்டார்.

"என்னப்பா நீ, இங்க வந்து நின்னுக்கினு?"

"இங்க இருந்தே பாத்துக்கிறேம்மா. எனக்குப் பழக்கம்தானே."

தமிழரசி அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து கல்லுக்கு நேராக நிறுத்தினார். பல்லக்கு இறங்கியது. பட்டர் திரையை விலக்கினார். "உபயதாரர் ஏழுமலை குமாரத்தி தமிழரசி" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லி, தீர்த்தத்தை முதலில் ஏழுமலைக்குக் கொடுத்தார். கிழவர் அதைக் குடித்துவிட்டு நிமிர்ந்தார். வெகுநேரம் சாமியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தமிழு, சிரிச்ச மூஞ்சிம்மா இது. இத்தினி வருசமா எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார்.

பல்லக்கு கிளம்பிப் போய்விட்டது. மேளமும் தேய்ந்தது. எனக்குக் கண் மறைத்தது. சட்டைப்பையில் கைக்குட்டையைத் தேடிக்கொண்டே, பக்கத்தில் வழவழவென்று தட்டுப்பட்ட கல்லில் உட்காரப் போனேன். தமிழரசி ஓடிவந்து என் முழங்கையைப் பிடித்து நிமிர்த்தினார்.

"அங்க உக்காராதீங்க சார், அது பக்கத்து வூடு. நம்ம வூட்டுக்குள்ள வாங்க."